கப்பல் விருந்தும் கழுத்துச் சுருக்கும்

கடலைக் கண்டு பயப்படுகிறவர்கள் இக்காலத்தில் மிகவும் குறைந்து விட்டார்கள். ஆனால் கப்பலின் சாப்பாட்டு மண்டபத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. புயல் அடித்தால் மாலுமிகள் பார்த்துக்கொள்வார்கள். தலை சுற்றினால் மாத்திரை இருக்கிறது. இராத்திரி விருந்துக்கு எந்த உடையில் போவது என்ற கேள்விக்கு மட்டும் பிரயாணி தானே விடை கண்டுபிடித்தாக வேண்டும். ஸ்திரீகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நல்ல பட்டுப் புடவை ஒன்று பெட்டியில் இருந்து விட்டால், உலகத்தின் எந்த விருந்து மண்டபத்துக்குள்ளும் அவர்கள் ராஜ நடை போட்டு நுழையலாம். அகப்பட்டுக்கொண்டு விழிப்பவர்கள் புருஷர்கள்தான்.

சென்ற வருஷம் கோடை விடுமுறையில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்திக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மதுரையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பவன், தன் சம்பளத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டுவது நடக்கிற காரியமல்ல. என் தமக்கையின் கணவர் இங்கிலாந்தில் முப்பது வருஷமாக வைத்தியத் தொழில் செய்கிறவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுவதைக் கொண்டாட வேண்டுமென்று, தமக்கையையும் என்னையும் அழைத்துக்கொண்டு ஸௌதாம்ப்டனிலிருந்து நியூயார்க் நகரத்துக்குக் கப்பலில் புறப்பட்டார். ஆகாய விமானத்தில் எட்டு மணி நேரத்தில் முடிகிற தூரத்தை ஏழு இரவுகளில் கடக்கும் பிரயாணம் அது.

கப்பலின் பெயர் 'குயின் மேரி 2'. 2004-ஆம் ஆண்டு ஜனவரியில் முதல் பிரயாணம் செய்தது. நீளம் 345 மீட்டர். நம் மீனாக்ஷி அம்மன் கோயில் கோபுரங்களில் உயர்ந்ததான தெற்குக் கோபுரத்தைப் படுக்க வைத்து, அதைப் போல் ஆறேழு கோபுரங்களை வரிசையாக அடுக்கினால் ஏறக்குறைய இந்தக் கப்பலின் நீளம் வரும். சுமார் 2,700 பிரயாணிகளுக்கு இதில் இடமுண்டு. மேற்கு நோக்கிப் போகும்போது ஏழு இரவுகளில் ஐந்து இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்கிறார்கள். அதாவது நாளொன்றுக்கு இருபத்தைந்து மணி நேரம்! பரீக்ஷைப் பேப்பர் திருத்தும் மாதத்தில் எங்களுக்கு இப்படி ஒரு வசதி கிடைக்குமானால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

இந்தக் கப்பலில் மாலை ஆறு மணிக்கு மேல் உடைக்கு ஒரு சட்டம் உண்டு. சாதாரண இரவுகளில் புருஷர்கள் கோட்டு அணிய வேண்டும். கழுத்துப்பட்டை அவரவர் இஷ்டம். ஏழு இரவுப் பிரயாணத்தில் வழக்கமாக இரண்டு இரவுகள் விசேஷ இரவுகள். அவற்றுக்குக் 'காலா' இரவு என்று பெயர். நம் ஊர்க் காலனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அறிவிப்பை முதலில் படிக்கிறவர்களுக்குக் காலனைக் கண்டது போலத்தான் இருக்கும். அன்று கறுப்போ வெள்ளையோ 'டின்னர் ஜாக்கெட்' என்னும் விருந்துக் கோட்டு அணிய வேண்டும். அது இல்லாதவர்கள் கருநிற ஸூட்டுடன் கழுத்துப்பட்டை கட்டிக்கொள்ளலாம். அல்லது தங்கள் தேசத்தின் கௌரவ உடையை அணியலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

விருந்துக் கோட்டு என்றால் என்ன? கறுப்புக் கம்பளித் துணியில் தைத்த கோட்டு. அதன் மார்பு மடிப்பில் மட்டும் பளபளக்கும் பட்டு. கால் சட்டையின் வெளிப்புறத் தையலை மறைத்து மேலிருந்து கீழ் வரை ஒரு பட்டு நாடா. வெள்ளைச் சட்டை. கழுத்தில் வண்ணத்துப் பூச்சி உட்கார்ந்தது போல ஒரு கறுப்பு முடிச்சு. காலில் கண்ணாடி போல் மினுக்கிய கறுப்புப் பூட்ஸ். இடுப்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு பட்டுக் கச்சை. இவ்வளவையும் அணிந்த பிறகு மனிதனுக்குக் குனிவது, நிமிர்வது, வயிறார உண்பது ஆகிய மூன்று காரியங்களும் சற்றுச் சிரமமாகி விடுகின்றன. விருந்துக்கென்றே ஏற்பட்ட உடை விருந்துக்கு இடைஞ்சலாக இருப்பது நாகரிகத்தின் விசித்திரங்களில் ஒன்று.

இதில் ஒரு ரஸமான விஷயம் உண்டு. அந்த இடுப்புக் கச்சைக்கு ஆங்கிலத்தில் 'கம்மர்பண்ட்' என்று பெயர். அது 'கமர்பந்த்' என்ற பாரசீக, ஹிந்துஸ்தானிச் சொல்லின் திரிபு. கமர் என்றால் இடை. பந்த் என்றால் கட்டு. இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்கார இராணுவ அதிகாரிகள், நம் வெயிலில் கோட்டுக்கு அடியில் அணியும் கம்பளி 'வெயிஸ்ட்கோட்'டைத் தாங்க மாட்டாமல், நம்மவர் இடுப்பில் கட்டியிருந்த கச்சையைத் தாங்களும் கட்டிக்கொண்டார்கள். அது கப்பலேறிச் சீமைக்குப் போய், பட்டாக மாறி, பெரிய மனிதர் உடையாகித் திரும்பி வந்தது. பருத்தி கொண்டு போய்த் துணியாக்கி நமக்கே விற்ற கதையின் ஒரு சிறு கிளைக் கதை இது.

கோட்டின் பூர்வோத்தரமும் அவ்வளவு புராதனமானதல்ல. விக்டோரியா மகாராணியின் மூத்த குமாரர், பின்னால் ஏழாம் எட்வர்டு மன்னரானவர், இளவரசராக இருந்தபோது, வால் வைத்த நீண்ட கோட்டுக்குப் பதிலாக, வீட்டு விருந்தில் சௌகரியமாக உட்காருவதற்கு ஒரு குட்டைக் கோட்டு வேண்டுமென்று 1865-இல் தைத்துக்கொண்டதாக, லண்டனில் ஸாவில் ரோ வீதியிலுள்ள தையற்காரர்கள் சொல்லுகிறார்கள். பிறகு அது அமெரிக்காவுக்குப் போயிற்று. நியூயார்க் நகரத்துக்கு வடக்கே 'டக்ஸிடோ பார்க்' என்னும் தனவந்தர் குடியிருப்பில் 1886-இல் ஒரு கிளப் ஏற்பட்டது. அங்கே இந்தக் குட்டைக் கோட்டு பிரபலமானதால், அமெரிக்கர்கள் அதை இன்றும் டக்ஸிடோ என்றே அழைக்கிறார்கள். ஆகவே, இன்று கண்டிப்பான சம்பிரதாயமாக நிற்கும் இந்த உடை, பிறந்தபோது சம்பிரதாயத்தைத் தளர்த்துவதற்காகவே பிறந்தது!

கப்பலில் இவ்வழக்கம் வேரூன்றியது பழைய நீராவிக் கப்பல்களின் காலத்தில். முதல் வகுப்புப் பிரயாணிகள் ஒவ்வோர் இரவும் உடை மாற்றிக்கொண்டுதான் விருந்துக்கு வருவார்கள். புறப்பட்ட முதல் இரவிலும், கரை சேருவதற்கு முந்திய இரவிலும் மட்டும் விலக்கு உண்டு. முதல் இரவில் பெட்டிகளைப் பிரித்திருக்க மாட்டார்கள். கடைசி இரவில் கட்டி முடித்திருப்பார்கள். செங்கடலின் புழுக்கத்தில் கறுப்புக் கோட்டு கொதிக்கும் கவசமாகி விடும். ஆகையால் வெப்பப் பிரதேசங்களில் வெள்ளைக் கோட்டும் கறுப்புக் கால் சட்டையும் என்று ஒரு சலுகை ஏற்பட்டது. கோட்டையே கழற்றி விட்டுச் சட்டையும் இடுப்புக் கச்சையுமாக உண்ணும் ஒரு முறைக்குச் 'செங்கடல் உடை' என்றே பெயர். சூரியனுடைய சட்டத்துக்கு முன் தையற்காரனுடைய சட்டம் இவ்வளவு தூரமாவது இறங்கி வந்தது.

இந்த விருந்து மேஜைக்கு அஞ்சிய இந்தியர்களில் மிகப் பெரியவர் மகாத்மா காந்தி. 1888-ஆம் வருஷம் செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயில் கப்பலேறிய போது அவருக்குப் பத்தொன்பது வயது நிரம்பவில்லை. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாத கூச்சத்தாலும், எது மாமிசமில்லாதது என்று கேட்கும் தைரியம் இல்லாததாலும், கையோடு கொண்டு போன தின்பண்டங்களையும் பழங்களையும் தம் அறையிலேயே உண்டு காலம் கழித்தார். கப்பலில் கறுப்பு ஸூட்டை அணிந்துகொண்டு, கரையில் இறங்கும் நாளைக்கென்று வெள்ளை பிளானல் உடையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இறங்கியதோ செப்டம்பர் மாதக் கடைசி. அந்த உடையில் இருந்தவர் அவர் ஒருவரே! பின்பு லண்டனில் பத்துப் பவுன் செலவழித்துப் பாண்ட் வீதியில் மாலை விருந்து உடை தைத்துக்கொண்டதையும், கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டை கட்டப் பழகியதையும் 'சத்திய சோதனை'யில் அவரே சொல்லியிருக்கிறார்.

அதே மனிதர் நாற்பத்து மூன்று வருஷங்களுக்குப் பிறகு, 1931 ஆகஸ்டு 29-ஆம் தேதி, 'ராஜபுதானா' என்ற கப்பலில் வட்ட மேஜை மகாநாட்டுக்குப் புறப்பட்டார். இரண்டாம் வகுப்புப் பிரயாணம், பெரும்பாலும் மேல் தளத்திலேயே வாசம், இடையில் முழத்துணி. அந்த வருஷம் நவம்பர் 5-ஆம் தேதி, பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அளித்த தேநீர் விருந்துக்கும் அதே துணியோடும் ஒரு சால்வையோடும் செருப்போடும் போய் வந்தார். அந்த உடை பிறந்த இடம் எங்கள் மதுரை. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, மேலமாசி வீதி வீட்டிலிருந்துதான் அவர் முதன் முதலாக அந்தக் கோலத்தில் வெளியே வந்தார். அந்த வீதி வழியாக நான் தினந்தோறும் பள்ளிக்கூடம் போகிறவன்.

இவையெல்லாம் தெரிந்திருந்தும், புறப்படுவதற்கு முன் எங்கள் வீட்டில் ஒரு சிறு மகாநாடு நடந்தது. "மாப்பிள்ளை, வாடகைக்கு ஒரு கறுப்புக் கோட்டு எடுத்து விடலாம். வேஷ்டி எல்லாம் வேண்டாம். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்" என்றார் அத்தான். "பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டுமே. தம்பி அவன் கல்யாண வேஷ்டியைக் கொண்டு வந்திருக்கிறான்" என்றாள் அக்கா. அத்தான் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே நான் முப்பது வருஷம் உடுத்தியிருக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

அந்த வார்த்தை என் மனத்தில் தைத்தது. பிழைக்கப் போன ஊரில், தோலின் நிறத்தை மாற்ற முடியாதவன் துணியின் நிறத்தையாவது மாற்றிக்கொண்டு கூட்டத்தில் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறான். அதைக் கோழைத்தனம் என்று மதுரையில் உட்கார்ந்துகொண்டு சொல்லுவது எளிது. அந்த முப்பது வருஷத்தைக் கழித்தவர் அவர், நானல்ல. ஆகவே நான் அவரோடு வாதாடவில்லை. முதல் விசேஷ இரவுக்கு என்னிடமிருந்த கறுப்பு மூடிய கழுத்துக் கோட்டை அணிவதென்றும், இரண்டாவதற்கு வேஷ்டி என்றும் உடன்படிக்கை ஆயிற்று. மூடிய கழுத்துக் கோட்டில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. கழுத்து முழுவதையும் அதுவே மூடி விடுவதால், சுருக்கு மாட்டிக்கொள்ள இடமே கிடையாது!

'பிரிட்டானியா' என்பது அக்கப்பலின் பெரிய போஜன மண்டபம். கப்பலின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை பரந்து, நடுவில் உயர்ந்து, தூண்களும் படிக்கட்டுமாக ஒரு ராஜ சபையைப் போல இருக்கிறது. அன்று இரவு அங்கே நூற்றுக்கணக்கான புருஷர்கள், எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தது போல் கறுப்பும் வெள்ளையுமாக வீற்றிருந்தார்கள். பரிமாறுகிறவர்களும் மிடுக்கான சீருடையில் இருந்தார்கள். உண்மையைச் சொன்னால், பரிமாறுகிறவர்களுக்கே உடை நன்றாகப் பொருந்தியிருந்தது. விருந்தாளிகளில் சிலர் பத்து வருஷத்துக்கு முன் தைத்த கோட்டைப் பத்து வருஷத்துப் போஜனத்துக்குப் பிறகு அணிந்திருந்தார்கள்.

பள்ளிக்கூட வாத்தியாராகிய எனக்கு அப்போது சீருடையின் ஞாபகம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் மில் முதலாளியின் மகனும் மூட்டை தூக்குகிறவரின் மகனும் ஒரே நிறச் சட்டையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். அந்தச் சட்டை ஏழைப் பையனின் வறுமையை மூடிக் காக்கிறது. விருந்துக் கோட்டும் ஓரளவு அப்படித்தான். அன்று என் எதிரே இருந்தவர் கோடீசுவரரா, ஆயுள் முழுதும் சேமித்து ஒரு முறை கப்பலேறிய குமாஸ்தாவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் சீருடைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். கிடைக்காத சட்டையைக் கேட்டுப் பையனை வாசலில் நிறுத்தினால், அதே சட்டை மதிற்சுவராகி விடும். தன்னிடமுள்ளவற்றில் நல்லதை உடுத்திக்கொண்டு வா என்று சொல்லுவது உபசாரம். என்னுடையதைப் போல் உடுத்திக்கொண்டு வா என்று சொல்லுவது அதிகாரம்.

இரண்டாவது விசேஷ இரவில், அரை அங்குலச் சரிகைக் கரை போட்ட பட்டு வேஷ்டியும், வெள்ளை ஜிப்பாவும், தோளில் அங்கவஸ்திரமுமாக நான் புறப்பட்டேன். இங்கே அனுபவ பூர்வமாக ஒரு வார்த்தை. அட்லாண்டிக் காற்றுக்குப் பட்டு வேஷ்டியிடம் எந்த மரியாதையும் கிடையாது. இடுப்பில் தோல் பெல்ட்டு அவசியம். மேல் தளத்தின் வழியாகப் போகாமல், உள்ளே உள்ள தாழ்வாரத்தின் வழியாகப் போவதே விவேகம். மண்டப வாசலில் நின்றிருந்த சிப்பந்தி வணங்கி வழி விட்டான். யாரும் மயங்கி விழவில்லை. பரிமாற வந்த இளைஞர் ஒருவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தண்ணீர் ஊற்றும்போது குனிந்து, "சார், ஊரில் கல்யாணத்துக்குப் போன மாதிரி இருக்கிறது" என்று என் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் ஊரை விட்டு வந்து ஏழு மாதமாகியிருந்தது.

எங்கள் மேஜையில் ஸ்காத்லாந்துக் கிழவர் ஒருவர் இருந்தார். மேலே விருந்துக் கோட்டு. கீழே கட்டம் போட்ட 'கில்ட்'. முழங்கால் இரண்டும் நன்றாக வெளியே தெரிந்தன. என் வேஷ்டியோ கணுக்கால் வரை வந்திருந்தது. அடக்கமான உடை யாருடையது என்று ஒரு பஞ்சாயத்து வைத்திருந்தால் தீர்ப்பு நம் பக்கமே கிடைத்திருக்கும். அந்தக் கில்ட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1746-இல் கல்லோடன் போர்க்களத்தில் ஸ்காத்லாந்து மலைநாட்டார் தோல்வியுற்ற பிறகு, அவர்கள் தங்கள் உடையை அணியலாகாது என்று பார்லிமெண்டு சட்டம் செய்தது. முதல் தடவை மீறினால் ஆறு மாதச் சிறைவாசம். மறு தடவை மீறினால் கடல் கடத்தி ஏழு வருஷம். ஒரு ஜாதியாரின் முதுகெலும்பை முறிக்க வேண்டுமானால் அவர்களுடைய துணியில் ஆரம்பிக்க வேண்டும் என்பது ஆளுகிறவர்களுக்குத் தெரிந்த வித்தை.

முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் சென்று, 1782-இல் அந்தச் சட்டம் ரத்தாயிற்று. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகரத்துக்கு விஜயம் செய்தபோது, அவரே கில்ட் அணிந்து தரிசனம் தந்தார்! எந்த உடைக்காகப் பாட்டன் சிறை போக வேண்டியிருந்ததோ, அந்த உடை பேரன் காலத்தில் அரசனுக்கு அலங்காரமாயிற்று. இன்று கப்பல் விருந்தில் அதற்கு முதல் வரிசையில் இடம். விதியில் 'தேசத்தின் கௌரவ உடை' என்ற சொற்கள் இருப்பதன் பொருள் எனக்கு அப்போது விளங்கிற்று. தம் உடையை விடாமல் வைத்திருந்த ஜனங்களுக்காகத் திறந்த கதவு அது. நாமும் அதன் வழியாக நுழையலாம்.

கிழவர் என் வேஷ்டியைப் பார்த்து, "இதில் எத்தனை கஜம்? ஊசியோ பொத்தானோ இல்லாமல் எப்படி நிற்கிறது?" என்று ஆவலோடு கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் பதில் அத்தானிடமிருந்து வந்தது. கறுப்புக் கோட்டும் கழுத்து முடிச்சுமாக வீற்றிருந்த அவர், நாலு முழத்துக்கும் எட்டு முழத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும், வேலை செய்யும்போது மடித்துக் கட்டுவதையும், பெரியவர்களைக் கண்டால் மடிப்பை அவிழ்த்து விடும் மரியாதையையும், தம் தகப்பனார் வயலிலிருந்து வரும்போது மடியில் நிலக்கடலை கொண்டு வந்ததையும் சொல்லிக்கொண்டே போனார். சூப்பு ஆறிப் போயிற்று. அவர் கவனிக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளைக்காரன் கப்பலில் கிடைத்த இந்த இடம், நம் சொந்த ஊரில் கிடைக்காமற் போன விந்தையையும் சொல்ல வேண்டும். சுதந்திரம் வந்து அறுபத்தேழு வருஷங்களுக்குப் பிறகு, 2014 ஜூலை மாதத்தில், சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேஷ்டி கட்டிக்கொண்டு வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை, உடை விதியைக் காட்டி உள்ளே விடவில்லை. நாடெங்கும் பெரிய கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டே சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, வேஷ்டி முதலிய நம் உடைகளைக் காரணமாகக் காட்டி, பொது இடங்களிலும் கிளப்புகளிலும் பிரவேசத்தைத் தடுப்பது குற்றமாயிற்று. ஒரு வருஷம் வரை சிறைவாசம். இருபத்தையாயிரம் ரூபாய் வரை அபராதம். உடைக்காகச் சட்டம் வர வேண்டியிருந்தது வருத்தமே. ஆயினும் ஸ்காத்லாந்தில் வந்த சட்டத்துக்கு இது நேர் எதிரான சட்டம் என்பதில் நமக்குத் திருப்தி உண்டு.

இனி, கப்பலேற உத்தேசித்திருக்கும் நேயர்களுக்குச் சில யோசனைகள். எல்லாக் கப்பல்களிலும் இவ்வளவு கண்டிப்பு இல்லை. 'நார்வீஜியன்' என்ற அமெரிக்கக் கம்பெனி 2000-ஆம் ஆண்டிலேயே, விரும்பிய உடையில் விரும்பிய நேரத்தில் உண்ணலாம் என்று அறிவித்து விட்டது. 2022-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து விசாகப்பட்டினத்துக்கும் புதுச்சேரிக்கும் உல்லாசக் கப்பல் புறப்பட்டபோது நம்மவர் குடும்பம் குடும்பமாக ஏறினார்கள். டிக்கட்டு வாங்கும்போதே அந்தக் கப்பலின் உடை விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். கண்டிப்பான கப்பலிலும், மாற்றிக்கொள்ள மனமில்லாதவர்களுக்குச் சாதாரண உடையில் உண்ணும் இடம் தனியாக உண்டு. பட்டினி போட்டுவிட மாட்டார்கள்.

புதிதாக விருந்துக் கோட்டு தைக்கத் தேவையில்லை. கருநிற ஸூட்டு ஒன்று இருந்தால் போதும். மூடிய கழுத்துக் கோட்டு அதைவிட மேல். வேஷ்டி என்றால் அது உங்களிடம் உள்ளவற்றில் முதல் தரமானதாக இருக்கட்டும். சலவை மடிப்புக் கலையாத வேஷ்டி, முழுக்கைச் சட்டை அல்லது ஜிப்பா, அங்கவஸ்திரம், மினுக்கிய செருப்பு. நம் உடை என்ற உரிமையில் கசங்கியதை உடுத்திக்கொண்டு போனால், விருந்தளிப்பவரையும் அவமதித்து, வேஷ்டியையும் அவமதித்தவர்களாவோம். மண்டபத்துக்குள் குளிர் அதிகம்; உள்ளே ஒரு பனியன் இருக்கட்டும். கோட்டு அணிந்து போகிறவர்களை வேஷ்டிக்காரர்கள் ஏளனம் செய்ய வேண்டாம். அந்தக் கோட்டுக்குள் எத்தனை வருஷம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது நமக்குத் தெரியாது.

பழைய சம்பிரதாயம் ஒன்று மட்டும் இன்னும் மாறவில்லை. கடைசி இரவில் பெட்டிகளைக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். பட்டு மடிப்புக் கோட்டு, கில்ட், சரிகை வேஷ்டி எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். மறுநாள் விடியுமுன், நியூயார்க் துறைமுக வாசலிலுள்ள வெரஸானோ பாலத்தைப் பார்க்க எல்லோரும் மேல் தளத்துக்கு ஓடி வந்தோம். கப்பலின் புகைபோக்கி பாலத்தில் இடிக்காமல் சில அடி இடைவெளியில் நுழையும் காட்சி அது. கம்பளிச் சட்டையும் குல்லாயுமாக, குளிரில் கை கட்டிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி ஜனங்கள் நின்றார்கள். முந்தாநாள் யார் எதை உடுத்தியிருந்தார் என்று அந்த இருட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. "குனிந்துகொள்ளுங்கள், மாப்பிள்ளை, தலை இடிக்கப் போகிறது" என்றார் அத்தான். பக்கத்திலிருந்த ஸ்காத்லாந்துக் கிழவர் பாஷை புரியாமலேயே சிரித்தார். பாலம் எங்கள் தலைக்கு மேலே மெதுவாக நகர்ந்து போயிற்று.